ஆறு நிமிட மேடையும் இருபது வருட மூட்டும்

1961 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் ஆங்கில அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லியின் கட்டுரை ஒன்று வந்தது. இடுப்பு மூட்டுக்கு ஒரு புதிய அறுவை சிகிச்சை என்பது விஷயம். சின்ன எஃகு உருண்டை, அது சுழல டெஃப்லான் கிண்ணம். நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள், எக்ஸ்-ரேயும் சுத்தமாக இருந்தது. 1963-ல் அதே இதழில் அதே சார்ன்லி இன்னொன்றும் எழுதினார். டெஃப்லான் தேய்கிறது, தேய்ந்த துகள் சுற்றியுள்ள திசுவில் கட்டியைக் கிளப்புகிறது என்று. அந்தத் துகளைத் தன் தொடையிலேயே செலுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். அதற்குள் முந்நூறு பேர் அளவில் டெஃப்லான் கிண்ணம் வைத்தாகிவிட்டது.

அவரைக் காப்பாற்றியது ரைட்டிங்டன் மருத்துவமனை ஆய்வகத்து டெக்னீஷியன் ஹாரி கிரேவன். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கிய பாலிஎத்திலீன் துண்டை, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார் கிரேவன். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. 1962 நவம்பரில் அது நோயாளிக்குள் போனது. இன்று வைக்கப்படும் செயற்கை இடுப்பிலும் முழங்காலிலும் பெரும்பாலானவற்றில் உரசலைத் தாங்குவது அந்தப் பொருளின் வாரிசுகள்தான்.

மூட்டு மாற்றுத் தொழில்நுட்ப மாநாடு ஒன்றுக்குப் போகிறவர் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. மேடையில் பேசுபவருக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வருடக் கணக்கு. மூட்டு வைத்துக்கொள்பவருக்கு அது இருபது வருடம் உழைக்க வேண்டும். இந்த இடைவெளியைப் பேச்சாளர் எந்தக் கருவியைக் கொண்டு தாண்டப் பார்க்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அப்படித் தாண்ட உருப்படியான வழிகள் மூன்றுதான்: மூட்டை நடக்கவைத்துப் பார்க்கும் ஆய்வக இயந்திரமான சிமுலேட்டர், ஆர்எஸ்ஏ என்னும் நுண்ணிய எக்ஸ்-ரே அளவீடு, நாட்டில் வைக்கும் மூட்டுகளைப் பதிந்து தொடரும் தேசியப் பதிவேடு. மூன்றும் வெவ்வேறு விதத்தில் ஏமாற்றக் கூடியவை.

எந்தச் சங்கத்தின் மாநாடு என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஹிப் (இடுப்பு) சொசைட்டி 1968-லும் 'நீ' (முழங்கால்) சொசைட்டி 1983-லும் தொடங்கியவை. இரண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் சிறு வட்டங்கள். 1991-ல் உருவான ஏஏஎச்கேஎஸ் என்ற அமெரிக்க இடுப்பு–முழங்கால் மருத்துவர் சங்கம் எண்ணிக்கையில் மிகப் பெரியது; அங்கே பேச்சு அறுவை அரங்கு, தொற்று, செலவு என்று போகும். ஐஎஸ்டிஏ என்ற சர்வதேச ஆர்த்ரோபிளாஸ்டி தொழில்நுட்பச் சங்கம் வேறு ரகம். கியோட்டோ, வியன்னா, பாஸ்டன், சியோல், லண்டன் என்று ஆண்டுக்கோர் ஊரில் கூடுகிறது. அங்கே ஒரே அமர்வில் அறுவை மருத்துவருக்குப் பக்கத்தில் இயந்திரப் பொறியாளரும் பொருளறிவியல்காரரும் உட்கார்ந்திருப்பார்கள். அதன் முக்கியப் பரிசு ஹாப் பால் என்ற கால்நடை மருத்துவர் பெயரில் இருக்கிறது. ரோபோடாக் என்ற முதல் இடுப்பு மூட்டு ரோபோவை வில்லியம் பார்கரோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். முதலில் நாய்களுக்குச் செய்து பார்த்தார்கள். 1992 நவம்பரில் சாக்ரமென்டோவில் மனிதருக்குச் செய்தார்கள்.

சிமுலேட்டருக்கு வருவோம். பொறியாளர் அல்லாதவர்கள் இந்த ஸ்லைடு வரும்போதுதான் காபிக்கு எழுந்து போகிறார்கள். போகக் கூடாத இடம் இது. இடுப்பு மூட்டுக்கு ஐஎஸ்ஓ 14242, முழங்காலுக்கு ஐஎஸ்ஓ 14243 என்று தரவிதிகள் உண்டு. மூட்டை இயந்திரத்தில் மாட்டி, நொடிக்கு ஒரு நடை வீதம், ஐம்பது லட்சம் சுற்று ஓட்ட வேண்டும். நிற்காமல் ஓடினாலே 58 நாள். இடையில் நிறுத்திக் கழற்றி எடை போடும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று மாதத்தைத் தாண்டும். சராசரி நோயாளி ஒரு காலால் வருடத்துக்குப் பத்து லட்சம் எட்டு வைக்கிறார் என்று ஒரு கணக்கு வைத்து, இதை 'ஐந்து வருடம்' என்பார்கள். சுறுசுறுப்பான ஐம்பது வயதுக்காரர் அதில் இருமடங்கு நடப்பார்.

உராய்வுக்கு எண்ணெயோ தண்ணீரோ ஊற்றுவதில்லை. கன்றுக்குட்டியின் சீரத்தை (ரத்தத்தில் உறையும் பகுதி போக மிஞ்சும் தெளிநீர்) நீர்க்கவைத்து, 37 டிகிரி செல்சியஸில் வைத்து ஊற்றுகிறார்கள். இடுப்புக்கு லிட்டருக்கு 30 கிராம் புரதம், முழங்காலுக்கு 20 கிராம். தண்ணீரில் ஓட்டினால் பாலிஎத்திலீன் வேறு மாதிரி தேயும். உலோகத்தில் அப்பிக்கொண்டு படலமாகிவிடும், உடம்புக்குள் அப்படி நடப்பதில்லை. சீரம் கெட்டுப்போகும் என்பதால் ஐந்து லட்சம் சுற்றுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். பாக்டீரியா வளராமலிருக்க சோடியம் அசைடு சேர்ப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் லைனரை (கிண்ணத்தின் பாலிஎத்திலீன் உள்ளுறை) கழற்றி, கழுவி, வெற்றிடத்தில் உலர்த்தி, மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை எடை பார்க்கிறார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. பாலிஎத்திலீன் சீரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், அதனால் எடை கூடும். மூலக்கூறு இழைகளுக்கிடையே குறுக்குப்பிணைப்பு அதிகமுள்ள நவீன லைனரில் தேய்மானம் அவ்வளவு குறைவு என்பதால், உறிஞ்சிய எடை தேய்ந்த எடையை மிஞ்சி, தேய்மானம் மைனஸில் வரும். லைனர் நடந்து நடந்து பெருத்துவிட்டது போலத் தெரியும்! இதைச் சரிசெய்யத்தான் அதே சீரத்தில், அசைக்காமல், இன்னொரு லைனரை ஊறப்போட்டு அதன் எடைக் கூடுதலைக் கழிக்கிறார்கள். ஊறப்போட்ட மாதிரிகள் எத்தனை, அதன்மேலும் சுமை ஏற்றினார்களா என்பது ஸ்லைடில் இல்லையென்றால் மைக்கைப் பிடித்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

இரண்டாவது கேள்வி, கப்பை (இடுப்புக் கிண்ணம்) எந்தச் சாய்வில் வைத்து ஓட்டினீர்கள் என்பது. இந்தக் கேள்விக்கு விலை என்ன என்பதை டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் உலோக மூட்டு காட்டியது. அதன் கப் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. நேராக வைத்து ஓட்டினால் உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் தேய்மானம் மிகக் குறைவு. நிஜ நோயாளியில் கப் கொஞ்சம் செங்குத்தாகப் போய்விட்டால் உருண்டை கப்பின் விளிம்பில் ஏறி உரசுகிறது. ஆழமில்லாத கப்பில் அந்த விளிம்பு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கோபால்ட், குரோமியம் துகளும் அயனியும் பெருகி, சுற்றியுள்ள தசை அழுகும் அளவுக்குப் போனது. 2010 ஏப்ரலில் பிரிட்டனின் மருந்து–மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எம்எச்ஆர்ஏ, உலோக மூட்டுக்காரர்களுக்கு ரத்தத்தில் கோபால்ட் அல்லது குரோமியம் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்று ஒரு எச்சரிக்கை அளவைச் சொன்னது. ஆகஸ்டில் நிறுவனம் ஏஎஸ்ஆரை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைத்திருந்தார்கள். விளிம்பு உரசலைச் சோதிக்க ஐஎஸ்ஓ 14242-ல் தனியாக நான்காம் பகுதி வந்தது அதற்கெல்லாம் பிறகு.

சிமுலேட்டர் சொல்லாத இன்னொன்று: சோதித்த பொருளும் விற்ற பொருளும் ஒன்றா என்பது. பிரெஞ்சு நிறுவனமான செயின்ட்-கோபெய்ன் தயாரித்த சிர்கோனியா செராமிக் உருண்டைகள் வருடக்கணக்கில் நன்றாகவே உழைத்தன. பிறகு சுடும் உலையைத் தொகுதி உலையிலிருந்து சுரங்க உலைக்கு மாற்றினார்கள். சூத்திரம் அதேதான், வடிவமும் அதேதான், ஆனால் சில தொகுதிகள் உடம்புக்குள் உடைந்தன. 2001 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். 'பொருள் மாறவில்லை, தயாரிப்பில் சிறு மேம்பாடு மட்டும்' என்று ஸ்டாலில் ஒருவர் சொன்னால், மேம்படுத்திய பிறகு எத்தனை மாதிரியைச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

ஆர்எஸ்ஏ எனக்கு மிகவும் பிடித்த கருவி. லுண்ட் பல்கலைக்கழகத்தில் கோரன் செல்விக் 1974-ல் முனைவர் பட்டத்துக்காக வகுத்த முறை. ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த டான்டலம் மணிகளை அறுவையின்போதே எலும்பில் தூவினாற்போல் பதித்துவிடுவார்கள். பிறகு இரண்டு எக்ஸ்-ரே குழாய்களால் ஒரே நேரத்தில் படமெடுத்து, எலும்பை வைத்துப் பார்க்கையில் இம்ப்ளான்ட் (உள்ளே பொருத்திய செயற்கை மூட்டு) எவ்வளவு நகர்ந்தது என்பதை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில் கணக்கிடுவார்கள். சாதாரண எக்ஸ்-ரேயில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவு துல்லியம் இருப்பதால் ஒப்பிடும் குழு ஒவ்வொன்றுக்கும் இருபது முப்பது நோயாளி, இரண்டு வருடம், அவ்வளவு போதும். இடுப்புக் கப் இரண்டு வருடத்தில் மேல்நோக்கி 0.2 மில்லிமீட்டருக்குள் நகர்ந்தால் கவலையில்லை, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஏற்க முடியாது, நடுவில் இருப்பது சந்தேகம் என்பது 2012-லிருந்து புழங்கும் வரம்பு.

ஆர்எஸ்ஏ ஸ்லைடில் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. முப்பதில் இருபத்தேழு பேருக்கு அசையாமல் இருந்து மூன்று பேருக்கு ஓடிக்கொண்டே இருந்தால் சராசரி நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோடு போட்ட படத்தைக் கேளுங்கள். முதல் ஆறு மாதம் கொஞ்சம் அமர்ந்து பிறகு நின்றுவிடும் கோடு சரி. ஒன்றிலிருந்து இரண்டாம் வருடத்திலும் ஏறும் கோடு பின்னால் ரிவிஷனில், அதாவது வைத்த மூட்டை மாற்றும் மறு அறுவையில், முடியும். இம்ப்ளான்ட்டை எலும்பில் பிடிக்கவைக்கும் போன்லாக் என்ற சிமென்ட் 1990-களின் தொடக்கத்தில் வந்தபோது, இறுகும்போது சூடு குறைவு, அதன் திரவ மூலப்பொருளான மோனோமரின் கசிவு குறைவு என்று அதற்கு நல்ல பெயர். ஸ்வீடனின் ஆர்எஸ்ஏ ஆய்வும் நார்வேயின் பதிவேடும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதன் குட்டை உடைத்தன. 1995-ல் சந்தையை விட்டுப் போனது.

பதிவேடு மூன்றாவது. ஸ்வீடன் 1975-ல் முழங்காலுக்கும் 1979-ல் இடுப்புக்கும் தொடங்கியது. நார்வே 1987, ஆஸ்திரேலியா 1999, இங்கிலாந்து–வேல்ஸ் 2003. ஏஎஸ்ஆரைக் கண்டுபிடித்ததில் ஆஸ்திரேலியப் பதிவேடு முந்திக்கொண்டது. அங்கே 2009 இறுதியிலேயே விற்பனை நின்றது. பிறகு இங்கிலாந்துப் பதிவேட்டில் ஐந்து வருடத்தில் 12 முதல் 13 சதவீதம் ரிவிஷன் என்று வந்தது. இதை எதோடு ஒப்பிடுவது? பத்து வருடத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் 2014-லிருந்து பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல்.

மேடையில் உயிர்வாழ் வளைவை, அதாவது எத்தனை மூட்டு ரிவிஷன் இல்லாமல் நீடித்தது என்ற படத்தை, காட்டும்போது, '10 வருடத்தில் 98 சதவீதம்' என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் படத்தின் அடியில் பாருங்கள். ஒவ்வொரு வருடத்திலும் கணக்கில் எஞ்சியிருப்பவர் எத்தனை பேர் என்ற வரிசை அங்கே இருக்க வேண்டும். 600-ல் தொடங்கிப் பத்தாம் வருடத்தில் 22 பேர் மிச்சமென்றால் அந்த 98-க்கு அர்த்தமில்லை. தொடர்பு விட்டுப்போனவர்களை 'நன்றாக இருப்பவர்கள்' என்று சேர்த்துவிட்டார்களா என்பதும் தெரிய வேண்டும். அப்புறம், ரிவிஷன் செய்யவில்லை என்பதால் வலியில்லை என்று ஆகாது. எண்பது வயதில் வலியோடு இருப்பவருக்கு யாரும் இரண்டாம் முறை கத்தி வைப்பதில்லை; பதிவேட்டில் அவர் வெற்றிக் கணக்கு.

இப்போதெல்லாம் பாதி அமர்வுகள் ரோபோவுக்கே போய்விடுகின்றன. எலும்பில் ஊசிகள் நட்டு, தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் பல புள்ளிகளைத் தொட்டுப் பதிவுசெய்து, திட்டமிட்ட கோணத்துக்கு ஒரு டிகிரிக்குள் வெட்டலாம். அதில் சந்தேகமில்லை. எந்தக் கோணம் நல்லது என்பதில்தான் சண்டை. மேயோ கிளினிக் 2010-ல் 398 முழங்கால்களை 15 வருடம் பார்த்து வெளியிட்ட ஆய்வில், இடுப்பிலிருந்து கணுக்கால் வரையிலான நேர்கோட்டுக்கு மூன்று டிகிரிக்குள் வைத்தவற்றில் 15.4 சதவீதமும் அதற்கு வெளியே போனவற்றில் 13 சதவீதமும் ரிவிஷன் ஆகியிருந்தன. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஆகவே 'துல்லியம் கூடியது' என்பதோடு நின்றுவிடும் ரோபோ ஆய்வு கேள்வியின் பக்கத்திலேயே வரவில்லை. ஊசி நட்ட துளையில் எலும்பு முறிந்தது எத்தனை பேருக்கு, பாதியில் ரோபோவைக் கைவிட்டுச் சாதாரண கருவிக்குப் போனது எத்தனை முறை, கை பழகும் முன் செய்த முதல் இருபது நோயாளிகளைக் கணக்கில் சேர்த்தார்களா, கழித்தார்களா என்பவற்றை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

நோயாளியிடம் கேள்வி கேட்டுப் போடும் மதிப்பெண்களிலும் ஓட்டை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண் 12 கேள்வி, 0 முதல் 48 வரை. இரண்டு குழுக்களுக்கிடையே இரண்டு மதிப்பெண் வித்தியாசம் வந்து புள்ளியியல் ரீதியாக முக்கியம் என்று நட்சத்திரம் போட்டிருப்பார்கள். ஐந்து அளவில் மாறினால்தான் நோயாளிக்கே உறைக்கும். தவிர இந்த மதிப்பெண் மண்டியிட்டு எழுவதைக் கேட்கும். சம்மணமிட்டு உட்காருவதைக் கேட்காது. நம் ஊரில் ஒருவர் முழங்காலைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

பயிலரங்குகளுக்குக் கட்டணம் தனி, இடம் குறைவு; ஆனால் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைப்பது அங்கேதான். ஃபார்மலினில் ஊறிய சடலம் தசைநார் சமநிலை பழக உதவாது, விறைத்துப் போயிருக்கும். உறையவைத்து இளக்கிய சடலமா என்று பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சிமென்ட் பயிற்சியில் 40 கிராம் பொடியும் 20 மில்லி திரவமும் கலந்து கடிகாரம் வைத்துப் பழகுவார்கள். மாநாட்டு அறையின் குளிரில் நிதானமாகக் கிடைத்த நேரம், ஏசி தடுமாறும் அறுவை அரங்கில் கிடைக்காது. சூடு கூடினால் சிமென்ட் சீக்கிரம் இறுகும். முழங்கால் அடித்தட்டில் சிமென்ட்டைக் கலந்த உடனே, ஒட்டும் பதத்திலேயே, தட்டின் அடியிலும் தண்டிலும் தடவிவிட வேண்டும். தாமதித்துத் தடவினாலோ, இறுகும் முன் காலை மடக்கி நீட்டிக் கொழுப்பு உள்ளே புகவிட்டாலோ, தட்டுக்கும் சிமென்ட்டுக்கும் இடையே பிடிப்பு குறையும். அந்தத் தட்டு ஓரிரு வருடத்தில் கழன்று வரும்போது பழி இம்ப்ளான்ட் மேல் விழும். இடுப்பு மூட்டில், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டான ஸ்டெம்மின் கூம்பு வடிவக் கழுத்தில் உருண்டையை ஏற்றும் முன் அந்தக் கூம்பைத் துடைத்து உலர்த்தச் சொல்வதும் இதே ரகம். அங்கே மாட்டிக்கொண்ட துளி ரத்தமோ எலும்புத் துகளோ பிறகு உரசலும் அரிப்பும் ஆகும்.

தொற்றுக்கென்று 2013-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த சர்வதேசக் கருத்தொருமைக் கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே மேடைப்பேச்சைவிட வாக்கெடுப்புதான் பிரதானம். அறுவை அரங்கில் ஆள் நடமாட்டத்தைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நூற்றுக்கு நூறு பேரும் ஆம் என்றார்கள். பல லட்சம் ரூபாய்க் கருவிகளைப் பற்றிய கூட்டங்களில் எல்லாரும் ஒப்புக்கொண்டது கதவைச் சாத்தி வைப்பதைத்தான்.

நிதித்தொடர்பு ஸ்லைடு இரண்டு நொடியில் பறந்துபோகும். அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்வது அநாகரிகமில்லை. 2007-ல் அமெரிக்க நீதித்துறையோடு இடுப்பு, முழங்கால் மூட்டு நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்பாட்டில், நான்கு நிறுவனங்கள் மட்டும் சேர்ந்து 31.1 கோடி டாலர் கட்டின. ஆலோசனைக் கட்டணம் என்ற பெயரில் மருத்துவர்களுக்குப் போன பணம்தான் வழக்கு. பணம் வாங்கியவர் சொல்வதெல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. புதிய இம்ப்ளான்ட்டை வடிவமைத்தவருக்குத்தான் அதன் நுணுக்கம் தெரியும். ஆனால் வடிவமைத்தவர் கையில் வரும் முடிவு மற்றவர் கையில் வருமா என்பது தனிக் கேள்வி. இம்ப்ளான்ட்டுகளுக்குத் தரக்குறியீடு கொடுக்கும் பிரிட்டனின் ஓடெப் குழு, உயர்ந்த தரத்துக்கு உருவாக்கிய மையத்துக்கு வெளியிலிருந்தும் முடிவுகளைக் கேட்பது இதனால்தான்.

மாநாட்டில் கேட்டதை மறுநாளே அரங்கில் செய்யப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. மருத்துவத் துறைகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்த 2018-ன் காக்ரேன் (ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வில், மாநாடுகளில் சுருக்கமாக வந்தவற்றில் முழுக் கட்டுரையானவை 37 சதவீதம்தான். மற்றவை என்ன ஆயின என்பதை யாரும் மேடையேறிச் சொல்லமாட்டார்கள்.

இந்தியாவில் நடக்கும் கூட்டங்களின் வாசனையே வேறு. இந்திய இடுப்பு–முழங்கால் மருத்துவர் சங்கத்தின் பதிவேட்டிலிருந்து 2013-ல் வந்த முதற்கட்ட அறிக்கையில் முழங்கால் 34,478, இடுப்பு 3,604. மேலைநாடுகளில் இரண்டும் அருகருகே நிற்கும். இங்கே பத்துக்கு ஒன்று. பதிவது விருப்பத்தைப் பொறுத்தது என்பதால் எந்த இம்ப்ளான்ட் எத்தனை ரிவிஷனில் முடிந்தது என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. 2017 ஆகஸ்டில் விலைக் கட்டுப்பாடு வந்து, சாதாரண கோபால்ட்-குரோம் முழங்கால் 54,720 ரூபாய், டைட்டேனியம் அல்லது ஆக்சினியம் (மேற்பரப்பு செராமிக் ஆக்கப்பட்ட சிர்கோனியம் கலவை) வகை 76,600 ரூபாய், ரிவிஷன் தொகுப்பு 1,13,950 ரூபாய் என்று உச்சவரம்பு விழுந்தது, வரி தனி. அதன்பிறகு ஸ்டால்களில் 'தங்க நிற முழங்கால்' (தங்க நிறப் பூச்சுள்ள வகை) பேச்சு குறைந்து ரோபோ பேச்சு கூடியதை அடிக்கடி போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். ரோபோவின் கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது.

ஏஎஸ்ஆர் இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் வைக்கப்பட்டது. திரும்பப் பெற்றபோது கண்டுபிடிக்க முடிந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டிக்குள்ளும் மாடல் எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் நான்கைந்து இருக்கும். ஒன்று மருத்துவமனைக் கோப்புக்கு, ஒன்று பில்லுக்கு, ஒன்று நோயாளிக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மாநாட்டுக்குப் போகத் தேவையில்லை. ஒட்டாவிட்டால் அங்கேயே நர்ஸிடம் கேட்டு வாங்கலாம். கோப்பு ரெக்கார்டு ரூமுக்குப் போனபிறகு கேட்டால் அலைய வேண்டியிருக்கும்.